தக்காளி முதலாளி

திருப்பூரில் இவர் இல்லாத வீதி கிடையாது. முப்பது பவர் டேபிள், வாரக்கூலி, சனிக்கிழமை சம்பளம் என்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பனியன் கம்பெனியின் ஓனர், கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் தலைமைப் பண்பு வகுப்புக்குப் போய் வந்தால் இவர் தயார். கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைக் கழற்ற மனசு வராமல் வீடு வரைக்கும் போட்டுக்கொண்டே வருவார்.

முதல் வேலை, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது. ராபின் சர்மா 2018இல் எழுதிய 'தி 5 ஏஎம் கிளப்' அப்படித்தான் சொல்கிறது: இருபது நிமிடம் உடற்பயிற்சி, இருபது நிமிடம் யோசனை, இருபது நிமிடம் படிப்பு. இவர் மூன்றையும் ஒன்றாக்கி, அறுபது நிமிடமும் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்புகிறார். மேனேஜர் முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, லோடும் ஏற்றிவிட்டுப் படுத்தவர்.

அடுத்தது தக்காளி. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனசு நிற்காமல், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்துப் படித்தார். அதிலிருந்து வந்த முறை: 25 நிமிடம் ஒரே வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. பெயர் 'பொமொடோரோ', இத்தாலியத்தில் தக்காளி. நம்மவர் மேசையிலும் ஒரு பிளாஸ்டிக் தக்காளி உட்கார்ந்திருக்கிறது. அது ஓடும்போது யாரும் உள்ளே வரக்கூடாது. டையிங்காரருக்கும் நூல்காரருக்கும் இந்தச் சட்டம் தெரியாததால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இவரும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் பெயரில் சுவரில் நாலு கட்டம் வேறு. எது அவசரம், எது முக்கியம் என்று பிரித்துச் சீட்டு ஒட்டவேண்டும். ஏற்றுமதித் தொழிலில் மூன்று கட்டம் சும்மாவே கிடக்கும் என்பது ஆணி அடித்த பிறகுதான் தெரிந்தது.

ஆனாலும் இவருக்கு உயிர், ஜப்பான் சரக்குதான். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ, கோளாறு வந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்கச் சொன்னவர். அவருடைய உதாரணம் நின்றுபோன ஒரு மெஷினில் தொடங்கும். ஃபியூஸ், பேரிங், எண்ணெய் பம்பு, தேய்ந்த தண்டு என்று இறங்கி, வடிகட்டி ஒன்று இல்லாததில் போய் முடியும்.

போன வாரம் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய ஆர்டர் கட்டிங்கிலேயே நின்றது. கப்பலை விட்டால் விமானம். லாபமும் அதிலேயே ஏறிப் போய்விடும். தக்காளி ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டிங் மாஸ்டரை உள்ளே கூப்பிட்டார்.

"கட்டிங் ஏன் நிக்குது, மாஸ்டர்?"

"துணி வரலீங்க."

"ஏன் வரல?"

"டையிங்ல குடுக்க மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"பழைய பாக்கி நிக்குதுங்க."

"அது ஏன் நிக்குது?" குரலில் உற்சாகம் ஏறியது. இன்னும் ஒன்றுதான்.

"செக்ல கையெழுத்து ஆகலீங்க."

"ஏன் ஆகல?"

மாஸ்டர் தோளில் கிடந்த டேப்பைச் சரிசெய்துகொண்டார். "நீங்க ரெண்டு நாளா கோயமுத்தூர்ல நேரத்த மிச்சம் பண்ற கிளாஸ்ல இருந்தீங்களே."

ஓனர் ஒன்றும் பேசவில்லை. டிராயரைத் திறந்து செக் புக்கை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத் தக்காளி கிணுகிணுத்தது.

"அஞ்சு நிமிசம் பிரேக், மாஸ்டர்" என்று பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.