‘ரன்’ வாத்தியார்

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டாலும் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். அதன் மாடியில் இவர் இருப்பார். ‘நாற்பத்தைந்தே நாளில் சரளமாக ஆங்கிலம் பேசலாம்’ என்று ஃபிளெக்ஸ் தொங்கும். ரிட்டயர்டு ஆசாமி. அரைக்கைச் சட்டைப் பையில் சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு பேனா. இந்த இனத்து வாத்தியார் ஒவ்வொருவருக்கும் குலதெய்வம் போல ஒரு வினைச்சொல் உண்டு. சிலருக்கு ‘கெட்’, சிலருக்கு ‘டேக்’. நம்மவருக்கு ‘ரன்’.

முதல் வகுப்பிலேயே தல புராணம் ஆரம்பமாகிவிடும். “ஆக்ஸ்போர்டு பேரகராதி இருக்கே, அதோட 1989 பதிப்புல 430 அர்த்தத்தோட ‘செட்’தான் ராஜா. அப்புறம் வந்தான் பாரு நம்ம ரன்! வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதிக்காரர், இந்த ஒரு வார்த்தைக்கே ஒன்பது மாசம் உட்கார்ந்தார்.” இங்கே நிறுத்தி, எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்ப்பார். “ஒன்பது மாசம், 645! காந்தாரிக்கே நூறுதான்.”

பையன்கள் வந்தது பாங்கில் சலான் நிரப்பவும், இன்டர்வியூவில் நாலு வார்த்தை பேசவும். பாவம், அதைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. போர்டில் வாத்தியார் சாக்பீஸால் எழுத ஆரம்பித்துவிடுவார். மூக்கு ஒழுகினால் ரன். துவைத்த சட்டையில் சாயம் இறங்கினால் ரன். கடன் ஏறினால் ரன் அப், ஒருத்தரை மட்டம் தட்டினால் ரன் டவுன், பழைய சிநேகிதன் எதிர்ப்பட்டால் ரன் இன்டு, அவன்மேல் லாரி ஏறினால் ரன் ஓவர். “ரெண்டையும் மாத்திச் சொல்லிடாதே தம்பி, சிநேகிதன் போயிடுவான்.”

 இயந்திரம் வந்த பிறகு இந்த வார்த்தை இன்னும் நிறையக் குட்டி போட்டது என்பார். ரயில் ஓட, தறி ஓட, கடைசியில் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓட. இதை அவர் சொல்லும்போது கேட்க நன்றாகவே இருக்கும். ஆள் படித்தவர்தான், சந்தேகமில்லை.

ஊரில் எது நடந்தாலும் அவருக்கு அது எடுத்துக்காட்டு வாக்கியம். வார்டு கவுன்சிலர் வேட்பாளர் ஒருவர் கும்பிட்டபடி மாடியேறி வந்து, “சார், இந்தத் தடவை நான் நிக்கிறேன், பார்த்துச் செய்யுங்க” என்றார். வாத்தியார் நோட்டீஸை வாங்கவில்லை. “பிரிட்டன்லதான் நிப்பாங்க. அமெரிக்கான்னா நீங்க ஓடணும்.” வேட்பாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, “நிக்கிறதுக்கே நாக்கு தள்ளுது சார், ஓட வேற சொல்றீங்களா?” என்று அடுத்த மாடிக்குப் போனார்.

வீட்டில் இந்தக் கச்சேரி எடுபடாது. காலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்து, “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்” என்று முழங்குவார். “வாயாலேயே ஓடிட்டிருந்தா எப்படிங்க? கடை மூடறதுக்குள்ள காலால ஓடிட்டு வாங்க” என்று பையை நீட்டுவார் வீட்டு அம்மாள்.

ஒரே ஒருமுறைதான் வகுப்பில் ஆட்டம் கண்டார். கீழே தையல் கடையில் வேலை பார்க்கும் பெண் கடைசி பெஞ்சில் எழுந்து நின்றாள்.

“சார், நம்ம ஊர்லயும் எல்லாம் ஓடுதே. ஃபேன் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, ஆட்டோல மீட்டர் ஓடுது. கையில காசில்லாட்டியும் வண்டி ஓடுது.”

“அதெல்லாம் பேச்சு வழக்கும்மா.”

“மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேக்கறோம். பரீட்சைல ஒண்ணுமே ஓடலங்கறோம். அவனை ஓட்டாதடான்னா, கேலி பண்ணாதன்னு அர்த்தம்...”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அறுபது வருஷமாகத் தன் வாயிலேயே ஓடிக்கொண்டிருந்த சமாசாரம். “எத்தனை அர்த்தம்னு யாராவது எண்ணியிருக்காங்களா? எண்ணாதது கணக்குல சேராது. உட்காரு!” என்றார். அன்று பத்து நிமிஷம் முன்னதாகவே வகுப்பு விட்டது.

போன பேட்சில் ஒரு பையன் சென்னைக்கு இன்டர்வியூ போய் வந்தான். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம். அங்கே முதலாளி சம்பளம் தராமல் இழுத்தடித்ததை விளக்க இவனிடம் இங்கிலீஷ் இல்லை. இருந்ததைச் சொன்னான்: “ஐ ரேன் அவே, சார்.”

வேலை கிடைக்கவில்லை. செய்தி கேட்ட வாத்தியாருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

“ரேன்னுதானே சொன்னே? ரன்னுன்னு சொல்லிடலையே?”