மோட்டார் கூப்பிடுகிறது

அன்னூர் ரோட்டோரம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் நான் காயில் கட்டும் கடை வைத்திருந்த நாட்களில், ஊரில் யார் தோட்டத்திலாவது மோட்டார் எரிந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இதை வெளியே சொல்ல முடியுமா? எரிந்ததை மொபெட்டில் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் "அடடா, பயிர் வாடிப் போகுமேங்க" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டே, மனசுக்குள் செப்புக் கம்பிக்கு எடை போட்டுக்கொண்டிருப்பேன்.

கட்டி முடிகிறவரை அவர் பெஞ்சை விட்டு நகரமாட்டார். வார்னிஷ் வாசத்துக்கு நடுவே பருத்தி விலை, பொண்ணு பார்த்த கதை, ஆயிரம் அடி போட்டும் புகை வந்த போர் எல்லாம் அங்கே அலசப்படும். நான் கைமிஷினைச் சுற்றியபடி வாய்விட்டு எண்ணுவேன். அறுபத்திமூணு, அறுபத்திநாலு என்று போகும்போது, "தம்பி, மத்தியானத்துக்குள்ள ஆயிருமுங்களா?" என்பார். எண்ணிக்கை போச்சு. பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தக் கோயம்புத்தூரில் மோட்டார் செய்து காட்டினார்களே, அந்த வம்சத்தின் கடைசிப் பேரன் நான்தான் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

2012-இல் மின்வெட்டு ஊரையே வாட்டியபோது எங்களுக்கு மட்டும் நல்ல விளைச்சல். வந்த கொஞ்ச நேரக் கரண்டிலும் ஒரு பேஸ் இருக்காது, மோட்டார் உறுமிக்கொண்டே வெந்துவிடும். அப்புறம் மின்வெட்டு தீர்ந்தது, ஊர் கும்பிட்டது, நான் ஈ ஓட்டினேன். அப்போதுதான் கடைப் பையன், டிப்ளமோ படித்தவன், கணபதியிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தான். உள்ளே சிம் கார்டு! ஒரு பேஸ் போனாலும் நிறுத்துமாம், தண்ணி வற்றினாலும் நிறுத்துமாம், வீட்டிலிருந்தே போன் போட்டு ஓட்டலாமாம்.

"மோட்டாருக்கு எதுக்குடா சிம்மு, அது யாருகூடப் பேசப் போகுது?" என்று சிரித்தேன். சிரிப்புக்குள்ளே பயம்: மோட்டார் எரியாவிட்டால் நம்மிடம் எவன் வருவான்?

"நாம விக்கலைன்னா அடுத்த கடைல விப்பாங்ணா" என்றான்.

புதுமையை இருகரம் நீட்டி வரவேற்றேன் என்று பிற்பாடு பல மேடைகளில் பேசியிருக்கிறேன். உண்மையில் அப்போது மூன்று மாத வாடகை பாக்கி.

இன்றைக்குக் கடை நாலு மடங்கு பெரிசு, பெஞ்சுதான் இல்லை. யாரும் வருவதில்லை, வாட்ஸ்அப்பில் லொகேஷன் வருகிறது, பையன்கள் போகிறார்கள். "மோட்டார் ஓடலீங்" என்று பதறுகிறவர்களில் பாதிப் பேருக்கு சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். பழைய பெட்டிகள் 2ஜியை மட்டுமே அறிந்தவை. சில புது சிம்களைப் போட்டால் முழிக்கின்றன, 4ஜி போர்டு மாற்றித் தருகிறோம். ஏதோ ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய பிரார்த்தனைக்கு இன்னும் பலன் இருக்கிறது.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடித்தது. பதிவு செய்த பெண்குரல், சுத்தத் தமிழில், மின்சாரம் வந்துவிட்டது என்றது.

"ஏனுங்க, இந்நேரத்துல யாரு?" என்றாள் மனைவி.

"மோட்டாரு."

படுத்தபடியே பட்டனை அமுக்கினேன். ஓடுகிறது என்று செய்தி வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கும்போது, தொட்டியில் தண்ணி விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கண் மூடும். செய்திக்கு அந்தச் சத்தம் கிடையாதே. டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பக்கத்து வரப்பில் இன்னொரு டார்ச். போன வருசம் நான் பெட்டி மாட்டிக் கொடுத்த தோட்டக்காரர்.

"சும்மா... தண்ணி வருதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.