ஹாரனாகச் சேர ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
போக்குவரத்து பவன், நாடாளுமன்றத் தெரு, புது தில்லி.

பொருள்: கார் ஓட்டிக்கொண்டே மவுத் ஆர்கன் பழக அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2021 அக்டோபரில் நாசிக்கில் மாண்புமிகு அமைச்சர் நிதின் கட்கரி அவர்கள் ஆற்றிய உரை.

ஐயா,

வண்டி ஹாரன்களில் இனி இந்திய இசைக் கருவிகளின் ஓசை மட்டுமே வர வேண்டும் என்று சட்டம் கொண்டுவர யோசிப்பதாக, பார்வையில் கண்ட உரையில் அமைச்சர் சொன்னார். புல்லாங்குழல், தபலா, வயலின், ஹார்மோனியம் என்று அவர் அடுக்கிய வரிசையில் மவுத் ஆர்கனும் இருந்தது. 1857இல் ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் செய்து விற்கத் தொடங்கிய சாமானுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது அன்றைக்குத்தான். வயலினை நம்முடையதாக்க பாலுசுவாமி தீட்சிதர் உட்கார்ந்து சாதகம் செய்ய வேண்டியிருந்தது. மவுத் ஆர்கனுக்கு ஒரு மேடைப் பேச்சு போதுமாயிற்று. 2025 ஏப்ரலிலும் அமைச்சர் இந்த ஹாரன் யோசனையை மறுபடி சொன்னதால், இது போகிறபோக்கில் சொன்னதல்ல என்று நம்பி இந்த விண்ணப்பத்தை எழுதுகிறேன்.

நான் மவுத் ஆர்கன் பழகுபவன். அடுக்குமாடியில் குடியிருப்பவன். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது என்று குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. மொட்டை மாடியில் வடாம் காய்கிறது. கடற்கரைக்குப் போனால் நாய்கள் கூடப் பாட வருகின்றன. மிச்சம் இருப்பது கார்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் நான் வாசிப்பது வெளியே கேட்காது. வெளியே அடிக்கிற ஹாரன் எனக்கும் கேட்காது என்பது கூடுதல் வசதி.

சட்டத்தைப் பார்க்காமல் வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடித்த தகவல்தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கு ரூ.1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை. என் வாத்தியம் கையில் பிடிப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வாசித்து இதுவரை யாருக்கும் எந்தத் தகவலும் போய்ச் சேர்ந்ததில்லை. வேண்டுமானால் என் குருவிடம் எழுதி வாங்கித் தருகிறேன். அதே பிரிவின் கடைசியில், திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதைவிட மிகத் தாழ்வாக ஓட்டுவதும் ஆபத்து என்று ஒரு வாசகம் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சாலையில் அப்படி யாரும் யாரிடமும் எதிர்பார்ப்பதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

185ஆம் பிரிவைப் பற்றியும் பயமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரி நேரத்தில் குழாயை நீட்டி ஊதச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கோ, இந்த உலகத்தில் என்னை ஊதச் சொல்லிக் கேட்கிற ஒரே மனிதர் அந்தக் காவலர்தான் என்பதால் அவர்மேல் தனி மரியாதை. உள்ளிழுக்கவும் சொன்னார் என்றால் ஆரோகணமே வாசித்துக் காட்டிவிடுவேன்.

முன்னுதாரணம் இருக்கிறதா என்று தங்கள் அலுவலகம் கேட்கும். இருக்கிறது. 1969இல் வந்த 'ஆராதனா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டார்ஜிலிங் மலைப்பாதையில் திறந்த ஜீப். ராஜேஷ் கன்னா எழுந்து நின்று பாடுகிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் சுஜித் குமார் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் பொம்மை ரயில், அதன் ஜன்னலோரம் ஷர்மிளா தாகூர். சீட் பெல்ட் இல்லை, கவலையும் இல்லை. இத்தனைக்கும் ஷர்மிளா அங்கே இல்லவே இல்லை. சத்யஜித் ராய் படத்துக்குப் போய்விட்டதால் அவர் வரும் காட்சிகளை ஸ்டூடியோவில் தனியாக எடுத்து ஒட்டினார்கள். ஆக, ரயிலில் இல்லாத ஒரு பெண்ணுக்காக அந்த ஜீப் அத்தனை வளைவுகளையும் மவுத் ஆர்கனோடு திரும்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தி தெரியாதவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி ஒருவர் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்பதோ மலைப்பாதை அல்ல, தட்டையான சென்னை.

அந்தச் சென்னையிலும், மாலை 6 மணிக்கு வடபழனியிலிருந்து போரூர் பக்கம் போவதை 'ஓட்டுதல்' என்று சட்டம் கருதுமா என்பது என் அடிப்படை ஐயம். ஒரு துறை தோண்டும், ஒரு துறை மூடும், மூடியதை இன்னொரு துறை தோண்டும். நடுவில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஓடாத வண்டியில் உட்கார்ந்திருப்பவன் ஓட்டுநரா, குடித்தனக்காரனா? இதைத் தெளிவுபடுத்தி ஒரு சுற்றறிக்கை வந்தாலே என் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

அந்த நேரத்தில் நான் பழகுவது சரளி வரிசை. இதில் உள்ள நுட்பத்தைத் தாங்கள் அறிய வேண்டும். பத்துத் துளை மவுத் ஆர்கன் சங்கராபரணத்துக்கு என்றே பிறந்தது. நான்காம் துளையை ஊதினால் ச, இழுத்தால் ரி, ஐந்தில் க, ம, ஆறில் ப, த. ஏழாம் துளையில் மட்டும் வழக்கம் தலைகீழாகி, இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் சறுக்குவார்கள். ஆனால் நமக்குச் சரளி வரிசை மாயாமாளவகௌளையில். அதற்கு வேண்டிய சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் பெட்டிக்குள் கிடையாது. நான்காம் துளையிலும் ஆறாம் துளையிலும் உள்ளிழுக்கும் மூச்சை, நாக்கின் அடிப்பக்கத்தைத் தாழ்த்தி, அரை ஸ்வரம் கீழே வளைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும்; அது கலையின் இயல்பு, நான் பொறுப்பல்ல. உள்ளிழுக்கும் ஸ்வரங்கள் என்பதால் முன்னால் நிற்கும் லாரியின் புகையும் அவற்றோடுதான் வரும். ரிஷபத்தில் டீசல் வாடை, தைவதத்தில் குப்பை வண்டி. கண்ணாடி ஏற்றியிருந்தும் இப்படி.

இப்படி ரிஷபம் அகப்பட்ட அதே நொடியில் சிக்னலில் பச்சை விழுகிறது. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அவரோகணம் பாக்கி என்று கையைக் காட்டுகிறேன். அவர்களும் கையைக் காட்டுகிறார்கள். அதற்குள் சிவப்பு. சங்கீதத்துக்கு இந்த நாட்டில் இருக்கும் மதிப்பு இவ்வளவுதான்.

கையைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஸ்டீயரிங்குக்கு ஒரு கை, கியருக்கு ஒரு கை என்றால் வாத்தியத்துக்கு ஏது கை என்று ஆட்சேபம் வரலாம். பாப் டிலன் கழுத்தில் மாட்டிக்கொள்வாரே, அந்தக் கம்பிச் சட்டம் நானும் வாங்கிவிட்டேன். அவருக்குக் கிதார், எனக்குக் கியர். ஒரே ஒரு சிக்கல், அதுவும் தாங்கள் உண்டாக்கியது. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று ஆக்கினீர்கள். மோதினால் அது கண் இமைப்பதற்குள் உப்பி முகத்தில் அறையும். முகத்துக்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் தகடு போர்த்திய, 20 பித்தளை நாக்குகள் கொண்ட பெட்டி நின்றால் அதற்குப் போக ஒரே திசைதான் உண்டு. நான் எந்த ஸ்வரத்தில் மோதினேன் என்பதைப் பல் மருத்துவரே சொல்லிவிடுவார். ஆகவே ஏர்பேக்குக்கு இணக்கமான ரப்பர் மவுத் ஆர்கனுக்குத் தரநிர்ணயம் செய்ய ஒரு குழு அமைக்கக் கோருகிறேன். குழு வெளிநாடு போய்ப் பார்த்துவிட்டு வர ட்ரோசிங்கன் நல்ல ஊர்.

இனி முக்கிய விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 119ஆம் விதி, பல ஸ்வரங்களை அடுத்தடுத்து எழுப்பும் ஹாரனை வண்டியில் பொருத்தக் கூடாது என்கிறது. காதைக் கிழிக்கும், திடுக்கிட வைக்கும் ஓசை எழுப்பும் எதையும் பொருத்தக் கூடாது என்றும் சொல்கிறது. பாட்டும் கூடாது, கத்தலும் கூடாது. 194எஃப் பிரிவோ தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் ரூ.1,000, மறுபடி அடித்தால் ரூ.2,000 என்கிறது. இவை ஏட்டில் பத்திரமாக இருக்கின்றன. சாலையில் மஃப்சல் பஸ்ஸின் ஏர் ஹாரன் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில், காலியாகக் கிடக்கும் சாலையில்கூட அது அலறுகிறது. கேரளத்தில் 2025இல் பறிமுதல் செய்த ஏர் ஹாரன்களை வரிசையாக வைத்து ரோடு ரோலர் ஏற்றினார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. நசுங்கும்போது அவை ஒரு சத்தமும் போடவில்லை.

சத்தத்தை நிறுத்துவது கஷ்டம், ஆகவே அதற்குச் சுருதி சேர்த்துவிடலாம் என்று தாங்கள் யோசிப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். இதையே மற்ற துறைகளும் பின்பற்றலாம்: பள்ளத்தை மூடுவதற்குப் பதில் ஓரத்தில் கோலம் போடலாம். நான் ஒரு படி மேலே போய் என்னையே ஹாரனாக ஒப்படைக்கிறேன். என் மவுத் ஆர்கன் வண்டியில் பொருத்தப்பட்டதல்ல, என்மேல் பொருத்தப்பட்டது. 119ஆம் விதி என்னைத் தொடாது.

அதே உரையில் ஆம்புலன்ஸ் சைரனுக்குப் பதில் ஆகாசவாணியின் அதிகாலை இசையைப் போடலாம் என்றும் அமைச்சர் சொன்னார். ஹிட்லருக்குத் தப்பி பம்பாய் வந்த வால்டர் காஃப்மன் அமைத்ததாகச் சொல்லப்படும் இசை. கேட்டால் இன்றும் மனசு இளகும். அதுதான் எனக்குப் பயம். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு உடம்பு இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் நாங்கள் ஒதுங்க மாட்டோம், காபிக்குக் காத்திருப்போம்.

கடைசியாக ஒரு ஐயம். மவுத் ஆர்கன் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் வருவது. என்னுடையது ஒரு கட்டை. பக்கத்துக் கார் ஐந்து கட்டை, ஆட்டோ இரண்டரை, நடுவில் ஒரு தண்ணீர் லாரி என்று கிண்டி மேம்பாலத்தில் எல்லாரும் சேர்ந்து வாசித்தால் அது என்ன ராகம் என்று சொல்ல இன்னொரு குழு வேண்டியிருக்கும். மாநிலத்துக்கு ஒரு சுருதியா, ஒரே நாடு ஒரே சுருதியா என்பதை அறிவிக்கையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன். அது வெளியாகும்வரை ஒரு கட்டையிலேயே வாசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் மஃப்சல் பஸ் வந்தால் மட்டும் வாசிப்பை நிறுத்தி ஒதுங்கிவிடுகிறேன். அதன் முன்னால் எனக்கு வேறு வழியில்லை, தங்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு கட்டைக்காரன்,
சென்னை.