மூன்றாவது டிக்

எங்கள் மொட்டை மாடியில் 17 தொட்டிகள். எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் 63 பேர். தொட்டிகள் என் சொல்லைக் கேட்பதில்லை. ஆகவே 63 பேரை ஆளத் தொடங்கினேன். ஆம், நான்தான் அட்மின்.

குழுவின் முகப்பிலேயே சட்டம் எழுதி வைத்தேன்: "செடி, விதை, உரம், பூச்சி. வேறெதுவும் பேசக் கூடாது." அரசியல் நுழைந்தால் அண்ணன் தம்பியே பேச்சை முறித்துக்கொள்ளும் காலம், வெண்டை வளர்ப்பவர்கள் எம்மாத்திரம்? "மாடியில ஒரு கத்தரிக்காய் இல்ல, அதிகாரம் மட்டும் கொத்துக் கொத்தா காய்க்குது" என்றாள் மனைவி. அதைக் குழுவிலும் போட்டாள். கத்தரிக்காய் என்ற சொல் இருந்ததால் விதிப்படி என்னால் நீக்க முடியவில்லை.

2022-ஆம் ஆண்டு கடைசியில் ஒரு விடியற்காலை அந்தப் பார்வர்டு வந்தது. இனி நம் செய்திகளை அரசு கண்காணிக்குமாம். மூன்று நீல டிக் என்றால் குறித்துக்கொண்டார்கள். இரண்டு நீலம், ஒரு சிவப்பு என்றால் நடவடிக்கை வரலாம். மூன்றும் சிவப்பு என்றால் கோர்ட்டு. முதல் நாள் இரவுதான் நான் வேப்பெண்ணெய் தெளித்த பெருமையில், "செம்பருத்தியில் இருந்த கூட்டத்தைக் கூண்டோடு ஒழித்துவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். மாவுப்பூச்சி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா! கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து டிக்குகளை எண்ணினேன். இரண்டுதான். ஆனால் மூன்றாவது எந்நேரமும் முளைக்கலாமே? விதை போட்டு முளைவிடாத ஏக்கம் எனக்குப் பழக்கம். முளைத்துவிடுமோ என்ற பயம் அன்றுதான் புதிது.

குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. பத்து மணிக்கு அவர் எழுதினார்: "சார், இது வதந்தி. சட்டத்தில் உண்மையாக என்ன இருக்கிறது என்று பேசலாமா?" பேசலாமா! மற்றவர் பதிவையும் அட்மினே எல்லார் திரையிலிருந்தும் அழிக்கும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. புது அரிவாள் வாங்கியவனுக்கு எல்லாம் களையாகத் தெரியும். அழித்தேன். "இது செடி அல்ல" என்று காரணமும் எழுதினேன். பார்வர்டை மட்டும் விட்டுவைத்தேன். அது விவாதம் இல்லையே, எச்சரிக்கை அல்லவா? ஆக, என் ஆட்சியில் புளுகுக்குப் பட்டா, திருத்தத்துக்கு வெளியேற்றம்.

இரண்டே நாளில் குழு அடங்கிவிட்டது. என் நிர்வாகத் திறமை என்று மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, 'செடி அல்லாதவை' என்று இன்னொரு குழு தொடங்கி முக்கால்வாசிப் பேர் அங்கே பேசப் போய்விட்டார்கள். அதன் அட்மின் என் மனைவி.

கெஞ்சிக் கேட்டு உள்ளே சேர்ந்தேன். அங்கே ஆசிரியர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று டிக் வெறும் கட்டுக்கதை. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென்று கேட்கும் பிரிவு உண்மையிலேயே உண்டு. ஆனால் நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட வேண்டும், அதுவும் கடுங்குற்றங்களுக்குத்தான். அதை எதிர்த்து வழக்கும் நடக்கிறது. மாவுப்பூச்சி கொலை அதில் சேராது. அடுத்த தகவலில் என் மூச்சு திரும்பியது: அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2021 டிசம்பரிலேயே சொல்லிவிட்டதாம். கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் கிட்டத்தட்ட அதையே சொன்னதாம். எந்தப் பயத்தால் அந்தப் பேச்சை அழித்தேனோ, அந்தப் பயத்துக்கு மருந்து அந்தப் பேச்சிலேயே இருந்திருக்கிறது.

"பேசுறதுனால என்ன ஆகப்போகுதுங்க?" என்று நான் அந்தக் குழுவிலேயே மனைவியிடம் கடைசியாக வீம்பு பிடித்தபோது ஆசிரியர் 2015-ஐ நினைவுபடுத்தினார். இணையத்தில் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டுமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ஒரு தளத்துக்கு இலவசம், இன்னொன்றுக்குக் கட்டணம் என்று பிரித்து விற்கக் கூடாது என 2016 பிப்ரவரி 8-இல் டிராய் தடை விதித்தது. எழுதியவர்கள் எல்லாம் வக்கீல்களா? படம் பார்ப்பவர்கள், பாட்டுக் கேட்பவர்கள், கிரிக்கெட் பைத்தியங்கள். "நம்ம சப்ஜெக்ட் இல்லையே" என்று அவர்கள் இருந்திருந்தால், நான் பஞ்சகவ்யம் கற்றுக்கொண்ட வீடியோவுக்கு இன்று தனிக் கட்டணம் கேட்டிருக்கலாம். நானும் அப்போது ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அது இன்னும் டிராப்டில் இருக்கிறது. வந்த மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரியோடு டிராய் தன் தளத்தில் வெளியிட்டுவிட்டது. அதில் என் முகவரி மட்டும் தப்பியது. சோம்பலால் நான் அடைந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

திரும்பி வந்து சட்டத்தைத் திருத்தினேன்: "இணையச் சட்டம் பேசலாம். கட்சி வேண்டாம். செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்." 63 பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். ஜனநாயகம் இவ்வளவு சுலபமா என்று நான் நெகிழ்ந்த நேரத்தில் மனைவி ஒரு படம் போட்டாள். காய்ந்து சருகான எங்கள் கறிவேப்பிலை. கீழே எழுதியிருந்தாள்: "2021 விதிப்படி புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு. அட்மினிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி இன்றோடு 16 நாள்."

அழிக்க முடியாது. செடி சம்பந்தப்பட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.