பதினைந்து பேர் கம்பெனி

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினைந்தே பேர் உள்ள ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைத்திருக்கிறது. 'பெரிய கம்பெனிதான் பாதுகாப்பு' என்று அப்பா தடுக்கிறார். சேரலாமா?
– ஆவடி வாசகர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். அப்பாவின் கவலை நியாயமானது, ஆனால் பெரிய பெயர் மட்டுமே காப்பாற்றும் என்றால் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை ஏன் மூடியது? 1960களில் அரசு அந்த எஸ்டேட்டைத் தொடங்கியதே சிறு தொழில்களுக்காகத்தான். சின்னப் பட்டறையில் லேத் பிடித்தவர் டிராயிங் படிப்பதையும் கையோடு கற்றார். விலை பேசுவதும் பழகிவிட்டது. ஸ்டார்ட்அப்பிலும் அதே கதைதான். புரோகிராம் எழுதியவரே வாடிக்கையாளரின் திட்டையும் வாங்குவார். அந்தத் திட்டில் கிடைக்கும் படிப்பு, ஆயிரம் பேரில் ஒருவராக உட்கார்ந்திருப்பவருக்குச் சீக்கிரம் வாய்க்காது.

'கம்பெனியே மூடிவிட்டால்?' என்பீர்கள். மூடலாம், பல மூடத்தான் செய்கின்றன. 2010-ல் சென்னையில் பிறந்து 2021-ல் நாஸ்டாக் ஏறிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் அபூர்வம். அதைக் காட்டி, 'பங்கு தருகிறோம், சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்றால் மயங்க வேண்டாம். வீட்டு வாடகைக்குப் பங்குப் பத்திரம் செல்லாது. அப்பா கேட்கும் பாதுகாப்பையும் பாருங்கள்: கம்பெனியில் பத்துப் பேர் இருந்தாலே இஎஸ்ஐ பொருந்தும். பிஎஃப் கட்டாயமாவதற்கு இருபது பேர் வேண்டும். பதினைந்து பேர் கம்பெனி தானாக முன்வந்தும் அதில் சேரலாம். சேர்ந்திருக்கிறதா என்று ஆர்டரில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறுகிறது என்பதை மட்டும் முதலாளியிடம் கேட்காதீர்கள், அங்கே வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.