சிலைக்கும் உண்டு டிரான்ஸ்ஃபர்

சென்னையில் இடமாறுதல் உத்தரவு அரசு ஊழியருக்கு மட்டும் வருவதில்லை, சிலைக்கும் வரும்.

1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நின்ற கண்ணகியை 2001 டிசம்பரில் ஓர் இரவு பீடத்திலிருந்து இறக்கினார்கள். லாரி மோதியதாம், போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். கையில் சிலம்போடு நீதி கேட்டவருக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் போஸ்டிங். 2006இல் ஆட்சி மாறியது; இடைஞ்சலும் மாயமாய் மறைந்தது. ஜூன் மாதமே அம்மையார் கடற்கரைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம், ராதாகிருஷ்ணன் சாலை கடற்கரையைத் தொடும் முனையில், டி.ஜி.பி. அலுவலகத்துக்கு அருகே சிவாஜி கணேசன் சிலை திறக்கப்பட்டது. வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். சிவாஜி நின்றால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படமாட்டார் என்பது திரையிலேயே ஊரறிந்த சங்கதி. சாலையிலும் அதே புகார்! உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2017 ஆகஸ்டில், இதுவும் இரவில்தான், கிரேன் வந்தது. நடிகர் திலகம் அடையாறு மணிமண்டபத்துக்குக் குடிபோனார்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் 1959 முதல் அதே பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது. எந்தக் கட்சிக்கும் வேண்டியவர்கள் இல்லையே!