23 கிலோ வைராக்கியம்

பி-2 விசாவில் அமெரிக்கா போகும் அப்பா அம்மாவுக்கு வழக்கமாக 6 மாதம் தங்க அனுமதி கிடைக்கும். நயாகரா முதல் மாதமே முடிந்துவிடும். பேரன், மெகா சீரியல், மாலை நடை என்று மிச்சமும் ஓடிவிடும். கடைசி வாரம் மட்டும் தராசுக்கு.

நியூஜெர்ஸி எடிசனில் ஒரு வீடு. குளியலறை எடை மெஷின் ஹாலுக்கு வந்துவிட்டது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். பிறகு வெறுங்கையோடு ஏறுகிறார். கழித்து, பவுண்டை 2.2-ஆல் வகுக்கிறார். ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், விடை தப்பாது. 24.5 கிலோ. பெட்டிக்கு அனுமதி 23தான்.

"ஏங்க, உங்க ஸ்வெட்டரை எடுத்துரலாமா?"

"அதை நான் போட்டுக்கிட்டே வர்றேன். நீ பாதாமைக் குறை."

குறைப்பாளா? காஸ்ட்கோவில் தள்ளுவண்டி நிறைய வாங்கியது. கலிபோர்னியா பாதாமை உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்வது இந்தியாதான். தி.நகரில் எந்தக் கடையிலும் அதே பாதாம் கிடைக்கும். இதை அந்த ஹாலில் நின்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. எதிர் வீட்டுக்குக் கொடுக்கும்போது "அமெரிக்காவிலேர்ந்து" என்று சொல்ல வேண்டாமா? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை கிலோ.

கடைசியில் வெளியேறியது அப்பாவின் ஷூ.

நேற்றுகூட அவுட்லெட் மாலில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள் இருவரும். விமான நிலையத்திலோ இருவருக்கும் சக்கர நாற்காலி புக் ஆகியிருக்கிறது. இமிக்ரேஷன் வரிசையில் நிற்க வேண்டாமாம். சம்பந்தி வீட்டு யோசனை.